எர்த்

செவ்வாய்ப்பேட்டைச் சந்தில்
இதாயத்துல்லா பட்டறை வாசலில்
பம்பரைக் கழற்றிக்கொண்டு நிற்கிறது என் பிக்கப்,
பல் கட்ட வந்தவன் வாயைப் போல.

ஒன்பதாயிரத்து ஐநூறு பவுண்டு இழுக்குமாம்.
கிலோவில் சொல்லுங்க என்றேன்.
"உன் வண்டி, உன் லோடு, நீ கட்டாத தவணை,
எல்லாத்தையும் சேத்து."

சட்டத்தில் ஆறு துளை. வெல்டு வைக்கவில்லை.
வெல்டு சொல்லாமல் விட்டுவிடும்,
போல்ட்டு முனகிவிட்டுத்தான் விடும் என்றார்.

பிறகு கம்பி.
கட்டைவிரல் பருமனில் செம்பு, சிவப்பில் ஒன்று, கறுப்பில் ஒன்று.
முழு இழுப்பில் நானூறு ஆம்பியர்.
"பேட்டரி ஒரு சொம்புத் தண்ணி,
இது லாரிக்காரன் தாகம்.
இன்ஜின் ஓடட்டும். ஒரு நிமிஷம் இழு,
ரெண்டு நிமிஷம் சும்மா இரு."

சிவப்பு பேட்டரிக்குப் போனது.
கறுப்பும் போகணும் என்றார்.
மீட்டர் விலை கேட்டேன்.
கறுப்பை இங்கேயே சட்டத்தில் முடிச்சுடுங்க,
இரும்பு எல்லாம் ஒண்ணுதானே என்றேன்.
"பெயிண்டைச் சுரண்டிட்டு..." என்று தொடங்கினார்.
போன் வந்தது.
பையன் பெயிண்ட் மேலேயே முடுக்கிவிட்டான்.

சந்துக்குள் வெறும் கயிற்றைச் சுற்றிப் பார்த்தோம்.
அழகாகச் சுற்றியது.
சுமை இல்லாதபோது
எனக்கும் எல்லாம் அழகாகத்தான் சுற்றும்.

கார்த்திகை. செம்மநத்தம் தாண்டிய செம்மண் இறக்கம்.
முப்பது மூட்டை காப்பிப் பழம் ஏற்றி
ஒரு பர்லாங்கு வரவில்லை,
பின் சக்கரம் இரண்டும் உட்கார்ந்துவிட்டன.
மழை நின்றிருந்தது, மரங்கள் நிறுத்தவில்லை.

எதிரே இருந்த சில்வர் ஓக்கில் பட்டையைச் சுற்றப் போனேன்.
"அதுல போடாத" என்றாள் வெள்ளச்சி,
மூட்டைக்குச் சொந்தக்காரி.
"போன காத்துல வேர் ஆடிருச்சு. பலாவுல போடு."
பலாவில் போட்டேன்.
கயிறு அறுந்தால் பாயாமல் விழ
நனைந்த சாக்கொன்றை அதன்மேல் மடித்துப் போட்டேன்.
பொத்தானை அழுத்தினேன்.

டக்.

மறுபடி
டக்.

ஹெட்லைட் கொஞ்சமும் மங்கவில்லை.
மங்கியிருந்தால் எங்கோ குடிக்கிறது என்று தெரியும்.
இது குடிக்கவே இல்லை.

அப்போது புரிந்தது.
பிறந்ததிலிருந்து நாலு ரப்பர் மேல் நிற்கிற வண்டி,
அதன் மின்சாரம் ஒருநாளும் மண்ணைத் தொட்டதில்லை.
ஆனாலும் அது திரும்பி வருகிற வழிக்கு
எர்த் என்று பேர் வைத்திருக்கிறார்கள்.
இன்று அச்சு வரைக்கும் மண்.
என் காதுக்குள் மண், வெள்ளச்சியின் செல்போன் விளக்கில் மண்.
எர்த் மட்டும் கிடைக்கவில்லை.

பேட்டரி முனையை விலக்கிவிட்டு
சேற்றில் மல்லாந்து படுத்தேன்.
பதினேழாம் நம்பர் ஸ்பேனர் இருந்தது,
சுரண்ட ஒன்றுமில்லை.
அவள் இடுப்பிலிருந்த கவாத்துக் கத்தியை உருவிக் கொடுத்தாள்.
"முனை மழுங்குச்சுன்னா நீதான் சாணை பிடிச்சுத் தரணும்."

சுரண்டச் சுரண்டக் கறுப்பு உதிர்ந்தது.
ரெண்டு ரூபாய்க் காசளவு
இரும்பு வெள்ளையாக வந்தது.
அதன்மேல் வைத்து முடுக்கினேன்.

இப்போது அழுத்த,
ஹெட்லைட் சட்டென்று சிவந்து தாழ்ந்தது.
கயிறு நிமிர்ந்தது, சாக்கிலிருந்து நீர் சொட்டியது.
பலா தன் தண்ணீர் முழுவதையும்
ஒரே உதறலில் எங்கள் தலையில் கொட்டியது.
வண்டி ஒரு விரற்கடை வந்தது.

ஒரு நிமிஷம் இழுப்பு. ரெண்டு நிமிஷம் சும்மா.
அந்தச் சும்மாக்களில்
அவள் இந்த வருஷத்துக் காப்பி விலையைச் சொன்னாள்,
நான் மிச்சமிருக்கிற தவணையைச் சொன்னேன்.
இரண்டும் பொருந்தவில்லை. சிரித்தோம்.
ஏழாவது இழுப்பில் சக்கரம் கல்லைத் தொட்டது.

இருபது வளைவும் இறங்கி
மறுநாள் காலை பட்டறைக்குப் போனேன்.
கறுப்புக் கம்பி என்றேன்.
காய்ந்த சேறு இருந்த என் முதுகைப் பார்த்தார்,
ஒன்றும் கேட்கவில்லை.
பேட்டரி வரைக்கும் அளந்து,
ஒரு சாண் கூட விட்டு வெட்டினார்.
அந்தச் சாணுக்கும் காசு வாங்கிக்கொண்டார்.